பீங்கானும் பச்சைப் பலகையும்

விருத்தாசலம் என்றதும் உங்களில் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ஞாபகத்துக்கு வரும். அடிக்கடி ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன் ஞாபகம் வரும். விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் போகிற வண்டியிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, சேலத்துக்கோ கடலூருக்கோ வேறு வண்டி பிடிக்கிற இடம் அது. கொலுப் படி கட்டுகிற வீடுகளில் மூன்றாவதாக ஒன்றும் ஞாபகம் வரும். அதுதான் பீங்கான்.

பக்கத்திலே இருக்கிறது நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டினால் கூடவே வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. களிமண் அருகில் இருந்தால் சூளை வராமல் இருக்குமா? விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை உண்டு. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமா கொடுக்கும் அரசாங்க நிறுவனமும் உண்டு. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துப் பாயசப் பதத்தில் கரைத்து, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, பிள்ளையாரும் முருகனும் உள்ளே தோல் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு சூளை. கோப்பை, சாஸர், ஜாடி, பொம்மை எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

ஆனால் நாம் இன்று பேசப்போவது பொம்மையைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டிப் பக்கம் சற்றுப் போய்ப் பாருங்கள். (பார்த்தால் போதும், தொட வேண்டாம்!) பழைய வீடாக இருந்தால் அங்கே ஒரு வெள்ளைப் பியூஸ் கட்டை உட்கார்ந்திருக்கும். அது விருத்தாசலத்திலிருந்து வந்திருந்தாலும் வந்திருக்கும். ஏன் அதைப் பீங்கானில் செய்தார்கள்? பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டுக்கு உருகாது, கம்பி எரிந்து தீப்பொறி பறந்தாலும் தான் பற்றிக்கொள்ளாது. மின்சாரம் எங்கே போகலாம் என்பதைக் கம்பி தீர்மானிக்கிறது. எங்கே போகக்கூடாது என்பதைப் பீங்கான் தீர்மானிக்கிறது.

மின்கம்பத்தின் உச்சியில் பீங்கான் இன்ஸுலேட்டர் இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? குடைக்கு மேல் குடை கவிழ்த்தது போல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அழகுக்காக வைத்த மடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மழையிலும் தூசியிலும் பீங்கானின் மேல்புறம் அழுக்காகும். அந்த ஈர அழுக்கைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் மேலிருந்து கீழே ஊர்ந்து வரப் பார்க்கும். நேராக வந்தால் ஒரு சாண் தூரம். ஒவ்வொரு குடையின் விளிம்புவரை போய், உள்ளே நுழைந்து, மறுபடி வெளியே வந்தால் பல சாண். திருடன் நடக்கவேண்டிய வழியை நீட்டி அவனைக் களைக்க வைக்கும் உபாயம்! இந்த மடிப்பு விஷயத்தை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் வேறோர் இடத்தில் இதையே சந்திக்கப் போகிறோம்.

2020, 2021 கொரோனா வருஷங்களில் நம்மில் எத்தனையோ வீடுகளுக்கு ஒரு புது விருந்தாளி வந்து சேர்ந்தார். துணி உலர்த்தும் கிளிப் போன்ற உருவம். விரலைக் கவ்விக்கொண்டு சிவப்பு வெளிச்சம் காட்டி, 97, 98 என்று ஓர் எண்ணைச் சொல்லும். ஆக்ஸிமீட்டர் என்று பெயர். அந்த எண் 94-க்குக் கீழே இறங்கினால் வீடே கலங்கிப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. மாமியாரின் விரலிலும் குழந்தையின் விரலிலும் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்த மருமகள்கள் எத்தனை பேர்!

அந்தக் கிளிப்புக்குள்ளே கட்டை விரல் அகலத்தில் ஒரு பலகை இருக்கிறது. பெரும்பாலும் பச்சை நிறம். அதன்மேல் எறும்பு வரிசை போல் செம்புக் கோடுகள். அங்கங்கே கடுகும் எள்ளும் தூவியது போல் சின்னச் சின்ன உறுப்புகள். இதற்குத்தான் பிரிண்டட் சர்க்யூட் போர்டு என்று பெயர். நாம் பலகை என்றே சொல்லிக்கொள்வோம். அந்தக் கோடுகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். மனித உடம்பைத் தொடும் கருவிக்குப் பலகை வரைவது இன்று ஒரு தனிப் படிப்பு, தனித் தொழில். உங்கள் பெண்ணோ தங்கையோ ப்ளஸ் டூ முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், இதையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

முதலில் பலகை எப்படி வந்தது என்று பார்ப்போம். பழைய ரேடியோப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இடியாப்பச் சிக்கலாகக் கம்பிகள் ஓடும். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற எஞ்சினீயர் 1936-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். யூதர், சொந்த ஊரில் வாழ வழியில்லை. புஸ்தகம் அச்சடிப்பது போலக் கம்பிகளையும் அச்சடித்தால் என்ன என்பது அவருடைய யோசனை. ஒரு தகட்டின்மேல் செம்பு ஒட்டி, வேண்டிய கோட்டை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அமிலத்தில் கரைத்துவிடுவது. இன்றும் பெரும்பாலும் அதே கதைதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் சென்ட்ராலாப் என்ற கம்பெனி வேறு விதமாக முயன்றது. பீங்கான் தகட்டின்மேல் வெள்ளி மையால் கோடுகளை அச்சிட்டுச் சூட்டில் வேகவைத்தார்கள். பீங்கான் என்றால், நம் வீட்டுக் கல்சட்டி செய்கிறார்களே, அந்த மாக்கல் இனத்துப் பீங்கான். உலக யுத்தத்தின் கடைசியில், 1945-ல், பீரங்கிக் குண்டின் தலையில் வைக்கும் சிறு ரேடியோவுக்காக அந்த ஏற்பாடு. யுத்தம் முடிந்ததும் அதே வித்தை காது கேளாதவர்களுக்கான கருவிக்குள் குடிபுகுந்தது. உயிரை வாங்கப் பிறந்தது காதுக்கு உதவ வந்ததில் நமக்கு ஒரு திருப்தி!

கோலம் போடத் தெரிந்தவர்களுக்குப் பலகை வரைவது பாதி புரிந்த மாதிரி. புள்ளிகள் உண்டு, அவற்றை இணைக்கும் இழைகள் உண்டு. ஒரு பெரிய வித்தியாசம், சிக்குக் கோலத்தில் இழை இழையைத் தாண்டிப் போகலாம், பலகையில் தாண்டக்கூடாது. தாண்டினால் இரண்டும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும். அப்போது என்ன செய்வது? ஒரு சின்னத் துளை போட்டு, இழையைப் பலகையின் அடிப்பக்கத்துக்கு இறக்கி, அங்கே ஓடவிட்டு, வேறு துளை வழியாக மேலே கொண்டுவருவது. இரண்டு பக்கம் போதாவிட்டால் நடுவிலும் அடுக்குகள் வைப்பார்கள். நாலு அடுக்கு, ஆறு அடுக்கு என்று.

இதுவரை சொன்னது எந்தப் பலகைக்கும் பொது. டெலிவிஷன் பலகைக்கும் இதே இலக்கணம்தான். உடம்பைத் தொடும் பலகைக்கு வந்தால் ஆட்டத்தின் விதியே மாறிவிடுகிறது. இரண்டு காரணங்கள். ஒன்று, உடம்பு பேசுவது மிக மெல்லிய குரலில். மற்றொன்று, உடம்புக்குள் மின்சாரம் தவறிப் போனால் மன்னிப்பே கிடையாது.

மெல்லிய குரல் என்றால் எவ்வளவு மெல்லியது? இதயம் துடிக்கும்போது தோலின்மேல் கிடைக்கும் மின்சார அழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட். உங்கள் சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட். அதாவது இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு. மேளக் கச்சேரி நடக்கும் கல்யாணக் கூடத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பது போலத்தான். ஹாலந்து தேசத்து டாக்டர் வில்லெம் ஐந்தோவன் 1901-ல் இதைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, அந்த யந்திரம் சுமார் 270 கிலோ எடை. அதை நடத்த ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்! 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த யந்திரத்தின் வேலையை இன்று உள்ளங்கை அளவுப் பலகை செய்கிறது.

எப்படிச் செய்கிறது? தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் சமமாக எடை ஏறினால் முள் அசையாது. ஒரு தட்டில் ஒரு குன்றிமணி கூடினால் அசைந்துவிடும். வலக்கையிலிருந்து ஒரு கம்பி, இடக்கையிலிருந்து ஒரு கம்பி. சுவரிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக ஏறுகிறது. இதயத்தின் குரலோ வித்தியாசமாக ஏறுகிறது. பலகையிலுள்ள ஆம்ப்ளிபயர் வித்தியாசத்தை மட்டும் பெரிதாக்குகிறது. இந்தத் தராசு நேர்மையாக இருக்கவேண்டுமானால், அதற்குப் போகும் இரண்டு செம்புக் கோடுகளும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே நீளம், ஒரே அகலம், கைகோத்துக்கொண்டே போகவேண்டும். ஒன்று சுற்றி வளைத்துப் போனால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி, அது ஏரியல் மாதிரி இரைச்சலைப் பிடித்து உள்ளே விட்டுவிடும். காகிதத்தில் சரியாக இருக்கும் சர்க்யூட், பலகையில் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்த முறை நீங்களோ வீட்டுப் பெரியவரோ இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளும்போது வலது காலில் ஒட்டும் கம்பியைப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். இதயத்தைப் பற்றி அந்தக் கம்பி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை! உடம்பில் ஏறிய இரைச்சலைப் பலகை அளந்து, அதைத் தலைகீழாக்கி, அந்தக் கால் வழியே திருப்பி அனுப்பி அடக்குகிறது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தும் பாட்டி மாதிரி, பேர் வாங்காத உத்தியோகம்.

இங்கே விருத்தாசலத்துக்கே உரிய கதை ஒன்று சொல்லியாக வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஸ்தலத்தில் இறைவனிடம் பொன் பெற்றார். வழியில் கள்வர் பயம் இருக்கவே, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் போய்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது சுந்தரருக்கு முடியும். பலகை வரைகிறவருக்கு முடியாது. போன மின்சாரம் ஒவ்வொரு துளியும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். வருகிற வழியை வரைகிறவர் விட்டுவைக்காவிட்டால், அது தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு, இதயத்தின் மெல்லிய கோட்டுக்குப் பக்கத்தில் தடதடவென்று ஓடும். அதனால்தான் பலகையின் ஓர் அடுக்கை முழுக்க முழுக்கச் செம்பாகவே விட்டுவிடுவார்கள். அது திரும்பி வரும் மின்சாரத்துக்கு ராஜபாட்டை. மாணவர்கள் போகிற வழியை அக்கறையாக வரைவார்கள். திரும்புகிற வழியைக் கேட்டால் விழிப்பார்கள். வாத்தியார்கள் அடிக்கடி கேட்கிற கேள்வியும் அதுதான்.

சுந்தரர் கதையில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன்னால், தரம் ஒப்பிட்டுப் பார்க்கப் பொன்னில் ஒரு சிறு துண்டை மாதிரிக்காக வெட்டி வைத்துக்கொண்டாராம். அதற்கு 'மச்சம்' என்று பெயர். திருவாரூரில் பிள்ளையார் மாற்று உரைத்துப் பார்த்தார். இன்றைய பலகைத் தொழிற்சாலையிலும் இதே பழக்கம் இருக்கிறது. பெரிய தகட்டின் ஓரத்தில், பலகையோடு சேர்ந்தே உருவாகும் ஒரு சிறு துண்டைத் தனியே வெட்டி, குறுக்கே அறுத்து, பூதக்கண்ணாடியில் துளையின் உட்சுவரில் செம்பு சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மச்சம் நன்றாயிருந்தால் தகடு நன்று!

இனி, மன்னிப்பில்லாத விஷயம். உலர்ந்த தோல் நமக்குக் கவசம். ஆனால் ஆபரேஷன் மேஜையில், இதயத்துக்குள்ளேயே ஒரு கம்பி போய் இருக்கும்போது கவசம் எங்கே? அப்படிப்பட்ட கருவியிலிருந்து நோயாளியின் உடம்புக்குக் கசியலாம் என்று சர்வதேச விதி அனுமதிக்கும் அளவு, கருவி பழுதில்லாமல் இருக்கும்போது, வெறும் 10 மைக்ரோ ஆம்பியர். உங்கள் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு குடிக்கும் மின்சாரத்தில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு! தோலின்மேல் மட்டும் ஒட்டும் கருவிகளுக்கு 100 மைக்ரோ ஆம்பியர்.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? சுவர் மின்சாரம் வரும் பகுதியையும் நோயாளியைத் தொடும் பகுதியையும் பலகையில் இரண்டு தேசங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். நடுவே எல்லை. எல்லையில் செம்பு கிடையாது, ஒரு கோடுகூடத் தாண்டாது. 230 வோல்ட் கருவியில் அந்த எல்லையின் அகலம் பலகையின் மேற்பரப்பு வழியாக அளந்தால் 8 மில்லிமீட்டர். காற்று வழியாக அளந்தால் 5. செய்தி மட்டும் வெளிச்சமாகவோ காந்த அலையாகவோ தாண்டிப் போகலாம். கருவி தயாரானபின் இந்த எல்லைக்கு இருபுறமும் 4000 வோல்ட் கொடுத்துச் சோதிப்பார்கள். தாங்கினால்தான் தேர்வு.

அகலம் விட இடமில்லாத சின்னப் பலகையில் என்ன செய்வது? எல்லையில் நீளவாக்கில் ஒரு பிளவு அறுத்துவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஊர்ந்து வரும் மின்சாரம் பிளவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், வழி நீண்டுவிடும். ஞாபகம் வருகிறதா, மின்கம்பத்து இன்ஸுலேட்டரின் மடிப்பு? அதே திருடன், அதே உபாயம். விருத்தாசலத்துச் சூளைக்காரர் பெரிய உருவத்தில் செய்வதைப் பலகை வரைகிறவர் மில்லிமீட்டரில் செய்கிறார்.

ஆகவே, இந்தப் படிப்பில் முதல் மூன்று மாதம் கோடு போடக் கற்றுக்கொள்கிறார்கள். மிச்சக் காலம் முழுவதும் எங்கே கோடு போடாமல் இருப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அதிகம் மிகையில்லை.

எங்கே கற்பது? தமிழ்நாட்டில் பயோமெடிக்கல் எஞ்சினீயரிங் பட்டப் படிப்பு பல கல்லூரிகளில் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டும் வரலாம். மேல்படிப்புக்குச் சென்னை ஐ.ஐ.டி.யும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் மூவரும் சேர்ந்து கிளினிக்கல் எஞ்சினீயரிங் என்றொரு எம்.டெக். அமைத்தார்கள். எஞ்சினீயரும் ஆஸ்பத்திரியும் ஒரே கூரையின்கீழ் வருவது இதில் பெரிய விசேஷம். ஆபரேஷன் தியேட்டரின் அவசரத்தை நேரில் பார்க்காமல் வரைந்த பலகை, அடுப்படியைப் பார்க்காமல் கட்டிய வீடு மாதிரி. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மருத்துவத் தொழில்நுட்ப மையம் ஒன்றும் இருக்கிறது. ரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று கழுத்தில் வைத்து அளக்கும் 'ஆர்ட்சென்ஸ்' என்னும் கருவி அங்கே உருவானதுதான்.

சென்னைக்கு அனுப்ப வசதியில்லையே, பெண் விருத்தாசலத்திலேயே இருக்கிறாளே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சுமாரான ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஆரம்பம் போட்டுவிடலாம். பலகை வரைய 'கீகேட்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் கிரெனோபிள் நகரத்துப் பேராசிரியர் ஜான் பியேர் ஷராஸ் 1992-ல் எழுதத் தொடங்கியது. 2013 முதல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையமும் அதை வளர்க்கக் கைகொடுத்தது. பாடங்களுக்கு நம் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. கேட்பதற்குக் காசு இல்லை.

முதலில் சர்க்யூட் படம், பிறகு ஒவ்வோர் உறுப்புக்கும் எந்த அளவுப் பாதம் என்று குறிப்பது, பிறகு கோடு, பிறகு மென்பொருளே ஆசிரியர் மாதிரி இடைவெளி குறைந்த இடங்களைச் சிவப்பில் சுட்டிக்காட்டும். கடைசியில் தொழிற்சாலைக்கு அனுப்பும் படத்துக்குக் 'கெர்பர் பைல்' என்று பெயர். தொழிற்சாலைக்கு அனுப்புமுன், அனுபவசாலிகள் ஒரு காரியம் செய்வார்கள். படத்தைச் சரி அளவில் காகிதத்தில் அச்செடுத்து, அதன்மேல் உண்மையான உறுப்புகளை வைத்துப் பார்ப்பார்கள். ஜாக்கெட் துணியில் கத்தரி வைக்குமுன் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்க்கிறோமே, அதுதான்!

ஜாக்கெட் என்றதும் இன்னொன்று. கெர்பர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோஸப் கெர்பர், இவரும் வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1940-ல் அமெரிக்கா சேர்ந்தவர். கல்லூரியில் படிக்கும்போது பைஜாமாவின் எலாஸ்டிக்கை உருவி, அதில் கோடு போட்டு, நீட்டிச் சுருக்கிக் கணக்குப் போடும் அளவுகோல் செய்தார். பிற்காலத்தில் துணியை அடுக்கு அடுக்காகத் தானே வெட்டும் யந்திரத்தை 1969-ல் கொண்டுவந்தவரும் இவரேதான். ரெடிமேட் உடைக்கும் பலகைக்கும் ஒரே பாட்டனார்!

வரைந்த பலகை வந்தபின் பற்றவைக்கிற வேலை. இதற்குக் கைராசியும் பொறுமையும் வேண்டும். பூத்தையல் வேலை செய்து பழகியவர்கள் இதில் சோடை போவதில்லை. பலகையில் மிக அதிகமாக உட்காரும் உறுப்புகளில் ஒன்று கெப்பாசிட்டர். அதில் பழுப்பு நிறத்தில் அரிசிக் குறுணை போல் இருக்கிறதே, அது சாட்சாத் பீங்கான் இனம். அடுக்கடுக்காகச் செராமிக்கும் உலோகமும் வைத்துச் சூளையில் சுட்டது. பீங்கானின் குணம் இதற்கும் உண்டு. பலகையைச் சற்று வளைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். ஆகையால் ஓரத்திலும் திருகாணிக்குப் பக்கத்திலும் அதை வைக்கக்கூடாது. இன்னொரு வேடிக்கை, இதில் சில ஜாதிகளைத் தட்டினால் துளி மின்சாரம் பிறக்கும். இ.சி.ஜி. பலகையில் மேஜை ஆடினால் அது இதயத் துடிப்பு மாதிரியே வேஷம் போடலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. வீட்டில் பழகுகிற பிள்ளைகள் உடம்பில் ஒட்டிப் பார்க்கும் எதையும் பாட்டரியில் மட்டுமே நடத்த வேண்டும். சுவர் பிளக்கோடோ, சார்ஜரில் செருகிய கம்ப்யூட்டரோடோ அதை இணைக்கவே கூடாது. அந்த 8 மில்லிமீட்டர் எல்லை சும்மா வந்ததல்ல.

பெண்களுக்கு இது ஏற்ற வேலையா என்று யாராவது கேட்டால், எலினோர் அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் வில்ஸன் கிரேட்பாட்ச் என்ற எஞ்சினீயர். இதய ஒலியைப் பதிவு செய்ய ஒரு சர்க்யூட் கட்டும்போது பெட்டியிலிருந்து தவறான ரெசிஸ்டரை எடுத்து மாட்டிவிட்டார். சர்க்யூட் ஒரு துடிப்பு துடித்து, ஒரு விநாடி சும்மா இருந்து, மறுபடி துடித்தது. 'அட, இது இதயம் அல்லவா!' என்று அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த சேமிப்பைப் போட்டு, வீட்டுக் கொட்டகையில் பேஸ்மேக்கர் செய்தார். 1960-ல் அது மனித உடம்புக்குள் சென்றது. சோதனை வேலையில் பெரும் பங்கு அவர் மனைவி எலினோருடையது. படுக்கையறையிலேயே சோதனை அடுப்புகள் இருந்தன. டிரான்ஸிஸ்டரைச் சுவரில் ஒட்டி, பென்சிலால் தட்டித் தட்டி, எது தடுமாறுகிறது என்று அளந்து, தடுமாறியதைக் கழித்துவிடுவாராம் அந்த அம்மாள். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற கை!

அந்த முதல் பேஸ்மேக்கர்களைப் பிசினில் பொதிந்து வைத்தார்கள். உடம்புக்குள் இருப்பதோ உப்புக் கடல். ஈரம் மெல்ல உள்ளே புகுந்தது. பிறகு டைட்டானியம் உலோகப் பெட்டி வந்தது. ஆனால் கம்பி பெட்டியைத் தொடாமல் வெளியே வந்தாக வேண்டுமே? அங்கேதான் மறுபடியும் பீங்கான்! அலுமினா என்னும் செராமிக் வளையம் ஒன்று, கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவே, நீர் புகாமலும் மின்சாரம் தாவாமலும் காவல் நிற்கிறது. பிறவியிலே காது கேளாத குழந்தைகளுக்கு வைக்கிறார்களே காக்ளியர் கருவி, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்கூட வைக்கிறார்கள், அதிலும் இதே ஏற்பாடு. விருத்தாசலத்துப் பியூஸ் கட்டைக்கும் அலுமினா வளையத்துக்கும் தூரம் உண்டு. அலுமினா வேக 1600 டிகிரிச் சூடு வேண்டும், களிமண்ணும் கலவாது. ஆனாலும் பெரியம்மா மகளும் சித்தி மகளும் மாதிரி உறவு. செராமிக் டிப்ளமா படிக்கிற பிள்ளைகள் பலகைப் படிப்பையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமே என்று தோன்றுவது இதனால்தான்.

நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள கருவிகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறவை. 2021-ல் மத்திய அரசாங்கம் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்க நான்கு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. உள்ளூரிலே செய்தால் விலை குறையும் என்பார்கள். நமக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று தோன்றுகிறது. ஆக்ஸிமீட்டரின் கதையிலேயே அது இருக்கிறது.

ஆக்ஸிமீட்டர் செய்வது இதுதான்: சிவப்பு வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத இன்ப்ராரெட் வெளிச்சத்தையும் மாற்றி மாற்றி விரல் வழியே அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. பிராணவாயு நிறைந்த ரத்தம் சிவப்பை அதிகம் விட்டுவிடும். குறைந்த ரத்தம் விழுங்கிவிடும். இந்த வழியை 1974-ல் வெளியிட்டவர் ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனியில் இருந்த தகுவோ அவோயாகி. அவர் அளக்க முயன்றது வேறு எதையோ. நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொந்தரவு என்று தள்ளாமல் அந்தத் துடிப்பையே கவனித்தார். பிராணவாயுவின் கணக்கு அதற்குள்ளே இருந்தது! 2020 ஏப்ரலில், அவருடைய கருவி உலகத்தில் எல்லா வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்த அதே சமயத்தில், அவர் காலமானார்.

அதே 2020 டிசம்பரில் அமெரிக்க டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ரத்தத்தில் பிராணவாயு உண்மையில் குறைந்திருக்க, ஆக்ஸிமீட்டர் 'சரியாக இருக்கிறது' என்று சொன்ன சந்தர்ப்பங்கள், வெள்ளையர்களைவிடக் கறுப்பர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தோலின் நிறமும் வெளிச்சத்தைக் குடிக்கும் அல்லவா? அந்தக் கணக்கு சரியாகப் போடப்படவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டியின் விரலில் எண்ணைப் பார்த்தோமே, அந்தப் பாட்டியின் நிறம் என்ன?

2013-ல் அமெரிக்க அரசாங்க இலாகா வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஆக்ஸிமீட்டரைக் குறைந்தது பத்துப் பேரிடம் சோதித்தால் போதும். அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும். 2025 ஜனவரியில் புதிய வரைவு ஒன்று வெளியிட்டு, மிக அதிகம் பேரை, எல்லா நிறத்திலும் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருக்கிறவர்களில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி விரலை நீட்டச் சொன்னால், அந்தப் பழைய பத்துக்கு இரண்டு என்ற கணக்கு அப்படியே தலைகீழாக இருக்கும்.